பிரேக் அக்காவின் குரல்

அந்த ஒலிப்பதிவு ஒரு நிமிடம்கூட ஓடாது. அதற்குள் ஒரு தேர்தலையே கவிழ்த்துவிட்டது.

ஜெராக்ஸ் கடையின் மாடியில், நான்கு சுவர்களிலும் ஒரே முகம் சிரித்துக்கொண்டிருந்த அறையில், துப்பறிவாளர் அதை மறுபடியும் ஓடவிட்டார்.

“இனி என்னால முடியாது. நான் விலகிக்கிறேன். யாரும் எனக்கு ஓட்டுப் போட்டு வீணாக்க வேணாம். இருக்கிற மேயரே இருந்துட்டுப் போகட்டும். மெதுவா எடுங்...”

‘எடுங்க’ என்று முடிய வேண்டிய சொல் பாதியில் அறுந்தது.

சுவரொட்டிகளில் சிரித்த முகத்துக்குச் சொந்தக்காரர் எதிரே நாற்காலியில் சிரிக்காமல் உட்கார்ந்திருந்தார். ஊருக்கு அவர் பிரேக் அக்கா. கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது தொழில். நகரத்தில் வண்டி ஓட்டுகிறவர்களில் பாதிப் பேர் அவர் போட்ட ‘பிரேக், பிரேக்’ சத்தத்தில் நடுங்கிக் கற்றுக்கொண்டவர்கள்தான். அவரிடம் படித்து உரிமம் வாங்கிய ஒரு பெண், மாநகராட்சி தோண்டிவிட்டு மூடாமல் போட்ட பள்ளத்தில் ஸ்கூட்டரோடு விழுந்து செத்துப்போனாள். அக்கா மனு கொடுத்தார். மேயரைப் பார்க்கக் காத்திருந்தார். திரும்பவும் போய்க் காத்திருந்தார். வராந்தாவில் உட்கார்ந்து அலுத்துப்போய், கடைசியில் மேயர் பதவிக்கே சுயேச்சையாக நின்றுவிட்டார். கட்சி இல்லை, கொடி இல்லை. ஒதுக்கிய சின்னம் இஸ்திரிப் பெட்டி. ஆரம்பத்தில் சிரித்தவர்கள்கூட போன வாரக் கூட்டத்தைப் பார்த்த பிறகு, இந்தம்மா வந்தாலும் வந்துடும் என்று டீக்கடையில் பேச ஆரம்பித்திருந்தார்கள்.

அந்தச் சமயம் பார்த்துத்தான் இந்தக் குரல் கிளம்பியது. ஒருவர் போனிலிருந்து இன்னொருவர் போனுக்கு, காலையில் புறப்பட்டு மாலைக்குள் ஊரைச் சுற்றிவிட்டது. மனுவைத் திரும்பப் பெறும் தேதி தாண்டிப்போயிருந்ததால் வாக்குச் சீட்டில் அவர் பெயர் இருக்கத்தான் செய்யும். ஆனால் விலகிவிட்டேன் என்று தன் வாயால் சொன்னவருக்கு யார் போடுவார்கள்? இன்னும் மூன்று நாளில் வாக்குப்பதிவு. நாளை மாலை ஒரு தெருமுனைக் கூட்டம். அத்தோடு பிரச்சாரம் முடிந்தது.

துப்பறிவாளரை அழைத்தவர் அக்காவின் தம்பி. பிரச்சாரம் முழுவதையும் தலையில் சுமந்தவர். கதவு நிலைக்குக் குனிந்து வருகிற உயரம். இந்தக் காலத்தில் எந்தக் குரலையும் கம்ப்யூட்டரிலேயே செய்துவிடலாம், இது மேயர் ஆட்கள் செய்த போலி, அதை நாளைய கூட்டத்துக்குள் நிரூபித்துக் கொடுங்கள் என்பதுதான் அவர் கோரிக்கை.

துப்பறிவாளரின் உதவியாளரான பெண்ணுக்கு வாயாடி என்று பெயர் வைத்தது யார் என்று தெரியாது. வைத்தவர் தப்பு செய்யவில்லை.

“மெஷின் செஞ்ச குரல்னா மூச்சு வாங்காதுங்களே. இது அழுது மூச்சு வாங்குது,” என்றாள். “அதோட, மேயர் வாங்கின எந்த மெஷினும் இவ்வளவு நல்லா வேலை செஞ்சதா சரித்திரம் இல்ல.”

தம்பி சிரிக்கவில்லை. துப்பறிவாளர் அக்காவிடம் நேராகக் கேட்டார், இப்படிப் பேசியது உண்டா என்று.

“எந்த மேடையிலயும் அப்படிப் பேசலங்க,” என்றார் அக்கா. தொண்டை கட்டியிருந்தது.

துப்பறிவாளர் பழைய இன்சூரன்ஸ் ஆசாமி. வேண்டுமென்றே காரை மோதிவிட்டு இழப்பீடு கேட்கிறவர்களைப் பிடிப்பதில் பல வருடம் கழித்தவர். மனிதர்கள் சொல்வதைவிடக் கார்கள் சொல்வதைக் கேட்டே பழகிய காது. அவர் போனைக் காதோடு வைத்து, அக்காவின் குரலை விட்டுவிட்டு அதற்குப் பின்னால் இருந்ததைக் கேட்டார். டிக், டிக் என்று சீராக ஒரு சத்தம். ‘போகட்டும்’ என்ற சொல்லுக்குப் பிறகு கீச்சென்று ஒன்று.

“வண்டியைப் பார்க்கலாமா?” என்றார்.

பயிற்சிக் கார் கடைக்குப் பின்புறச் சந்தில் உறை போர்த்தி நின்றது. மனுத்தாக்கல் செய்த அன்றே வகுப்புகளை நிறுத்தியாயிற்று, பிரச்சாரத்துக்கு வாடகை ஜீப்தான், இதை அன்றிலிருந்து ஒருவரும் தொடவில்லை என்று தம்பி உறுதியாகச் சொன்னார். சாவி மாடிப்படி ஆணியில் தொங்கும். வீட்டுக்காரர்களைத் தவிர யாரும் எடுக்க முடியாது.

துப்பறிவாளர் வாயாடியை ஓட்டுநர் இருக்கையில் உட்காரச் சொன்னார். அவள் முழங்கால் டாஷ்போர்டில் இடித்தது.

“இந்த சீட்ல உட்கார்ந்தா ஸ்டியரிங்கை ஓட்ட முடியாது பாஸ், கடிக்கத்தான் முடியும்,” என்றாள்.

இருக்கை முன்னால் கடைசி வரைக்கும் இழுக்கப்பட்டிருந்தது. துப்பறிவாளர் பக்கத்து இருக்கையில் ஏறினார். பயிற்சிக் கார்களில் அந்தப் பக்கத்திலும் ஒரு பிரேக் இருக்கும், கற்றுக்கொள்கிறவர் சொதப்பினால் கற்றுக்கொடுக்கிறவர் மிதிப்பதற்காக. வாயாடி இன்டிகேட்டரைப் போட்டாள். டிக், டிக். துப்பறிவாளர் பிரேக்கை மிதித்தார். கீச்.

தம்பியின் முகம் வெளுத்துவிட்டது. யந்திரம் செய்த போலி என்று அவர் நம்பியிருந்தது அந்த ஒரு மிதியில் போயிற்று. அக்கா இந்தக் காரில், இந்தப் பக்கத்தில் உட்கார்ந்து, அந்த வார்த்தைகளை நிஜமாகவே சொல்லியிருக்கிறார். அழுதுகொண்டே சொல்லும்போதும் கால் தானாகப் பிரேக்குக்குப் போயிருக்கிறது, வாய் தானாக ‘மெதுவா எடுங்க’ என்றிருக்கிறது. அப்படியானால் அந்தப் பக்கத்தில் இருந்தது ஓட்டத் தெரியாத ஒருவர்.

வாயாடி தம்பியை ஓரக்கண்ணால் பார்ப்பதைத் துப்பறிவாளர் கவனித்தார். சந்துக்கு அந்தப்பக்கம் அவளை அழைத்துக்கொண்டு போய், தம்பியாக இருந்தால் ‘மெதுவா எடுடா’ என்றல்லவா வந்திருக்கும் என்றார். அதோடு அந்த இருக்கையில் தம்பியை மடித்துத்தான் வைக்க வேண்டும். இது அக்கா மரியாதை கொடுத்துப் பேசுகிற ஆள், உயரம் குறைந்த ஆள். காருக்குத் திரும்பி முன்மூடியைத் திறந்து குனிந்தபோது கருகின வாடை இன்னும் லேசாக இருந்தது. கிளட்ச்சைப் பாதி மிதித்தபடியே ஓட்டுகிற கத்துக்குட்டிகள் அதை அப்படித்தான் தீய்த்து வைப்பார்கள்.

வீட்டில் யாருக்கு ஓட்டத் தெரியாது என்று தம்பியிடம் கேட்டார். அக்காவின் மகள் கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவள், உரிமம் வாங்கி வெகுகாலம் ஆகிறது. மிச்சம் இருப்பது இந்த ஜெராக்ஸ் கடையை நடத்தும் அக்காவின் கணவர். அவரைச் சொன்னதும் தம்பிக்கு அந்த நிலையிலும் சிரிப்பு வந்தது. மாமா சைக்கிளுக்கே பயப்படுவார், ஊருக்கே ஓட்டச் சொல்லிக்கொடுத்தவளைக் கட்டிக்கொண்டு இத்தனை வருடமாக நடந்தே போகிறவர் என்றார்.

“மாடியில வீடு, கீழ கடை. அதுக்குள்ள எதுக்குங்க கார்,” என்றாள் வாயாடி. ஆனால் அவள் பார்வை ஏற்கெனவே கடைப் பக்கம் திரும்பியிருந்தது.

ஜெராக்ஸ் கடையில் கூட்டமில்லை. கணவர் மேசைக்குப் பின்னால் ஸ்டூலில் உட்கார்ந்து நாளைய கூட்டத்துக்கான துண்டறிக்கைகளை அடுக்கிக்கொண்டிருந்தார். குள்ளமான, சுத்தமான மனிதர். சட்டைப் பையில் போன். துப்பறிவாளர் ஓர் அட்டையை நீட்டி நகல் எடுக்கச் சொன்னார். யந்திரம் சூடாகும் வரை காத்திருக்க வேண்டும் என்றார் கணவர். காத்திருந்தார்கள்.

மேசைக்குக் கீழே அவருடைய இடதுகால் குறுக்குக் கட்டையை அழுத்துவதைத் துப்பறிவாளர் பார்த்தார். கால் மெல்ல மேலே வந்தது. பாதியில் வெடுக்கென்று விட்டுவிட்டது. மறுபடி அழுத்தியது, மறுபடி மெல்ல மேலே வந்தது. மேலே கை காகிதம் அடுக்கிக்கொண்டே இருந்தது. கால் செய்வது அவருக்கே தெரிந்ததாகத் தோன்றவில்லை.

“பாதி தூக்கினதும் கொஞ்சம் நிறுத்தணும்,” என்றார் துப்பறிவாளர் சாதாரணமாக. “வண்டி நகர்றது தெரிஞ்சதும்தான் முழுசா விடணும்.”

“அவளும் அதைத்தான் சொல்றா,” என்றார் கணவர்.

சொன்ன பிறகுதான் சொன்னது உறைத்தது. யந்திரத்தின் வெளிச்சம் மூடிக்கு அடியில் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குப் போய்த் திரும்பியது. அவர் நகலை எடுக்கவில்லை.

அதற்குப் பிறகு கேள்வியே தேவைப்படவில்லை. அவரே சொன்னார், நிறுத்தி நிறுத்தி.

பிரச்சாரம் தொடங்கியதிலிருந்து மனைவி பேசிப் பேசித் தொண்டை போய், வீட்டுக்கு வந்தால் படுத்துவிடுவதைப் பார்த்து, ஜீப்பையாவது நான் ஓட்டுகிறேனே, நீ சற்றுக் கண்ணை மூடிக்கொண்டு வா என்று இவர்தான் ஆரம்பித்திருக்கிறார். அவளுக்கு ஒரே சிரிப்பு, ஒரே சந்தோஷம். விடிகிற நேரத்தில் இருவரும் யாருக்கும் தெரியாமல் காரை எடுத்துக்கொண்டு மூடிக்கிடக்கும் ஐஸ் ஃபேக்டரி மைதானத்துக்குப் போவார்கள். தேர்தல் வந்த பிறகு இருவரும் தனியாக இருந்தது அங்கேதான். அவள் சொல்லிக்கொடுப்பது இவருக்கு மறந்துவிடும் என்பதால் போனில் பதிவு செய்துகொள்வார். கடையில் உட்கார்ந்து திரும்பக் கேட்டுக் காலால் பழகுவார்.

ஒரு நாள் அவள் மைதானத்தில் உடைந்து அழுதாள். முந்தின நாள் ஒரு தெருவில் கதவைச் சாத்திக்கொண்டார்கள், இன்னொரு தெருவில் அசிங்கமாகப் பேசினார்கள். முடியாது, விலகிக்கொள்கிறேன் என்றாள். இறங்கும்போது முகத்தைக் கழுவிக்கொண்டு, நான் உளறினதை மறந்துடுங்க என்று சொல்லிவிட்டு நேரே பிரச்சாரத்துக்குப் போய்விட்டாள். பதிவு போனிலேயே இருந்தது.

“அப்புறம் எதுக்கு வெளிய விட்டீங்க?” என்று கேட்டது வாயாடிதான். அவள் குரலில் கிண்டல் இல்லை.

போன வாரக் கூட்டத்துக்கு மறுநாளிலிருந்து, மகள் வேலை செய்யும் கண்ணாடிக் கடைக்கு எதிரே ஒருவன் பைக்கை நிறுத்திக்கொண்டு உட்கார ஆரம்பித்திருந்தான். தலைக்கவசத்தைக் கழற்ற மாட்டான். என்ஜினை அணைக்க மாட்டான். கடையின் கண்ணாடிக் கதவு வழியாக அவளையே பார்த்துக்கொண்டிருப்பான். அவள் வீட்டுக்குக் கிளம்பினால் பின்னாலேயே வருவான். ஒரு வார்த்தை பேசியதில்லை. மகள் அப்பாவிடம் மட்டும் சொன்னாள், அம்மாவுக்குத் தெரிந்தால் நொறுங்கிவிடுவாள், சொல்லாதீங்க என்றாள். இவர் காவல் நிலையம் போனார். தெருவில் நிற்பது குற்றமில்லை என்றார்கள், பைக்குக்கு நம்பர் பலகை இல்லை என்றதும் அப்போ எதை வைத்துப் பிடிப்பது என்று இவரையே கேட்டார்கள்.

ஒரு நாள் இவரே சாலையைக் கடந்து அவனிடம் போனார்.

“அதைப் போட்டுக் காட்டினேன் சார். அவளே விலகுறேன்னு சொல்லிட்டா, கேளுங்க, என் பொண்ணை விட்டுடுங்கன்னேன். போனை நீட்டினான். ப்ளூடூத்ல அனுப்பினேன்.” அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “அவங்க மட்டும் கேட்டுட்டு விட்டுடுவாங்கன்னு நினைச்சேன். ஊருக்கே போகும்னு எனக்குத் தோணவே இல்ல.”

மறுநாளிலிருந்து பைக் வரவில்லை.

மனைவிக்கு இது தெரியவே கூடாது என்று கைகூப்பினார். துப்பறிவாளருக்கு அந்தக் கையை இறக்கிவிட வேண்டும் போலிருந்தது. செய்யவில்லை.

வெளியே வந்து இருவரும் கடை நிழலில் நின்றார்கள். துப்பறிவாளர் எண்ணிப் பார்த்தார். போலி என்று சொன்னால் பொய். இன்னார் அனுப்பினார் என்று சொன்னால் கணவர் ஊர் வாயில் விழுவார், அதற்கப்புறமும் அக்கா போட்டியில் நின்றால் பைக் மறுபடி வரும். பைக்காரனுக்கு முகமில்லை, நம்பரில்லை. அவனை மேயரோடு முடிச்சுப் போட ஒரு நூல்கூட இல்லை. தொழிலில் இதுவரை எத்தனையோ பேரைப் பிடித்திருக்கிறார். பிடித்த பிறகு என்ன செய்வதென்று தெரியாமல் நின்றது இதுதான் முதல் தடவை.

“வில்லனா இருந்தா நாலு வார்த்தை திட்டலாம் பாஸ்,” என்றாள் வாயாடி. “இவரை என்ன பண்றது?”

துப்பறிவாளர், ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை என்று அக்காவிடம் சொல்லிவிடுவது என்று தீர்மானித்து மாடியேறினார்.

அக்கா ஜன்னலோரம் உப்புத் தண்ணீர் கொப்பளித்துக்கொண்டிருந்தார். இவர் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்ததுமே கையைக் காட்டி நிறுத்தினார். டம்ளரைக் கீழே வைத்தார். கதவைச் சாத்தினார்.

“வேணாங்க,” என்றார். “அந்தக் கீச் சத்தத்தை முதல் தடவை கேட்டப்பவே எனக்குத் தெரிஞ்சுபோச்சு.”

துப்பறிவாளர் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார்.

தம்பி துப்பறிகிறவரைக் கூப்பிடலாம் என்றபோது வேண்டாம் என்று சொன்னால் அவனுக்குச் சந்தேகம் வரும் என்று பயந்திருக்கிறார். அது மட்டுமில்லை. தனக்குத் தெரிந்தது தப்பாக இருக்கக்கூடாதா, யாரோ காருக்குள் எதையாவது ஒளித்து வைத்துப் பதிவு செய்திருக்கக்கூடாதா, இந்த மனிதர் வந்து வேறு ஒரு பேரைச் சொல்ல மாட்டாரா என்று ஒரு நப்பாசை.

“அவர்கிட்ட நான் கேட்கல. கேட்டா சொல்லிடுவாரு. சொல்லிட்டா, அதுக்கப்புறம் ரெண்டு பேரும் அதோடயே ஒரே வீட்ல இருக்கணும்.” கையால் வாயைத் துடைத்துக்கொண்டார். “ஏன் செஞ்சாருன்னு மட்டும் சொல்லுங்க.”

அது ஒன்றைத்தான் அக்காவால் ஊகிக்க முடியவில்லை. துப்பறிவாளர் பைக்காரனைப் பற்றிச் சொன்னார். அக்கா தன் மகளின் பெயரை வாய்க்குள் ஒரு முறை சொல்லிக்கொண்டார். பிறகு சுவரில் சிரித்துக்கொண்டிருந்த தன் முகங்களைப் பார்த்தார். இந்த வீட்டில் மூன்று பேர், மூன்று பேரும் மற்றவர்களைக் காப்பாற்றுவதற்காக வாயைப் பொத்திக்கொண்டு ஒரே மேசையில் சாப்பிட்டிருக்கிறார்கள்.

கூட்டத்தை ரத்து செய்துவிடலாமே என்றார் துப்பறிவாளர். செத்துப்போன பெண்ணின் அம்மா முன்வரிசையில் வந்து உட்காருவாள், அவளிடம் என்ன சொல்வது என்று கேட்டார் அக்கா.

மறுநாள் மாலை தெருமுனையில் நாற்காலிகள் பாதிக்கு மேல் காலி. போன வாரம் நின்றே கேட்ட கூட்டம் இன்று உட்காரக்கூட வரவில்லை. தம்பி, துப்பறிவாளர் இன்னும் ஏதாவது கொண்டுவருவார் என்ற நம்பிக்கையில் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மகள் கடையிலிருந்து நேரே வந்திருந்தாள். கணவர் ஜீப்புக்குப் பக்கத்தில், ஒலிபெருக்கி வயர் யார் காலிலும் தட்டாமல் பிடித்துக்கொண்டு நின்றார்.

அக்கா ஜீப்பின் மேல் ஏறினார். பாதிக் குரல்தான் இருந்தது.

“அந்தக் குரல் என்னோடதுதான். போலி இல்ல. ஒரு நாள் முடியலன்னு சொன்னேன், நிஜமாவே முடியல. ஆனா மறுநாள் வந்தேன். இன்னைக்கும் வந்திருக்கேன். நான் விலகல.”

யாரோ ஒருவர் கைதட்ட ஆரம்பித்துத் தனியாகத் தட்டுவது தெரிந்து நிறுத்திக்கொண்டார். முன்வரிசையில் இருந்த அந்த அம்மா எழுந்து நின்றார். குற்றம் சொல்கிற தொனியில் இல்லை, தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் கேட்டார்.

“அப்போ அதை ஊருக்கு அனுப்பினது யாரும்மா?”

தம்பி துப்பறிவாளரைப் பார்த்தார். வாயாடி தரையைப் பார்த்தாள். மகள் அப்பாவைப் பார்த்தாள். அவளுக்கு அந்த நொடியில் எல்லாம் புரிந்திருக்க வேண்டும், கை வாய்க்குப் போயிற்று. கணவர் வயரைக் கீழே விட்டுவிட்டு ஒரு அடி முன்னால் வந்தார். உதடு பிரிந்தது.

“நான்தான்,” என்றார் அக்கா மைக்கில். “நான்தான் அனுப்பினேன். பயந்துபோய் அனுப்பிட்டேன்.”

அந்த அம்மா இன்னும் சற்று நேரம் நின்றார். பிறகு பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தார். அவர் போனதும் மற்றவர்களும் ஒவ்வொருவராக எழுந்தார்கள். தம்பி ஜீப்பின் பின்கதவை ஓங்கிச் சாத்திவிட்டு அக்காவின் முகத்தைப் பார்க்காமல் போனார். துப்பறிவாளர் அவர் பின்னாலேயே சில அடி நடந்தார். சொல்லலாம். ஒரு வாக்கியம் போதும். ஜீப்பின் மேலிருந்து அக்கா தன்னைப் பார்ப்பது முதுகில் தெரிந்தது. நின்றுவிட்டார்.

வாக்குப்பதிவு அன்று அவரும் வாயாடியும் ஓட்டுப் போட்டுவிட்டு வெளியே வரும்போது பள்ளிக்கூட வாசலில் வரிசை நீண்டிருந்தது. அந்தம்மாதான் விலகிட்டாங்களே என்று ஒருவர் இன்னொருவரிடம் சொல்வது காதில் விழுந்தது. திருத்தப் போன வாயாடியை அவர் தடுக்கவில்லை. அவள் வரிசையின் முதலிலிருந்து கடைசி வரை போய்ச் சொன்னாள். கேட்டவர்கள் தலையாட்டினார்கள், அப்புறம் போனைப் பார்த்தார்கள். பெட்டிகளைத் திறந்து எண்ணியபோது அக்காவுக்கு மூன்றாவது இடம் கிடைத்தது. இருந்த மேயரே இருந்தார்.

ஆனால் அது பிறகு. அந்தக் காலையில் அக்காவும் கணவரும் சேர்ந்து வந்தார்கள். அக்கா உள்ளே போய் உடனே திரும்பிவிட்டார், வரிசையில் நின்றவர்களுக்கு வணக்கம் சொல்லிக்கொண்டே போனார். கணவர் மறைப்புக்குப் பின்னால் வெகுநேரம் நின்றார். அதிகாரி ஒருமுறை எழுந்து எட்டிப்பார்க்கும் அளவுக்கு நின்றார். வெளியே வந்தவர் துப்பறிவாளரைப் பார்த்ததும் நேரே அவரிடம் வந்தார்.

“அவளுக்குத்தான் போட்டேன் சார்,” என்றார். “நம்புறீங்களா?”

நம்புகிறேன் என்றார் துப்பறிவாளர். நிஜமாகவே நம்பினார். கணவர் போகாமல், இவர் வேறு ஏதாவது சொல்வாரா என்று பார்த்தபடி அங்கேயே நின்றுகொண்டிருந்தார்.